சேலத்தில் துறைமுகம்

இந்தியாவுக்குப் போய்வருகிறேன் என்று சொன்னதும் கொழும்பு அச்சகத்தில் எல்லோரும் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்கள். கோயிலுக்கு இல்லை, பிரசங்கம் செய்யப் போகிறேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. என் மனைவி மட்டும் நம்பினாள். நம்பிவிட்டு, “உங்கள் பேச்சைக் கேட்க அங்கே ஆட்கள் இருக்கிறார்களா?” என்று கேட்டாள்.

இருந்தார்கள். எலைஜா ஹார்ட்வெல் என்ற அமெரிக்க வர்த்தகரின் வாழ்க்கையை எங்கள் வாரப் பத்திரிகையில் தொடராக எழுதியிருந்தேன். அமெரிக்கா தனி நாடாகிக் கொஞ்ச காலமே ஆன சமயத்து மனிதர். பையனாகக் கப்பலில் ஏறிச் சரக்குக் கணக்குப் பார்த்தவர், மீசை முளைத்த கையோடு அதே கப்பலுக்குத் தலைவரானார். சுமத்ராவில் மிளகு வாங்கினார், சென்னைப்பட்டணத்தில் துணி வாங்கினார், சொந்தமாகக் கப்பல்கள் விட்டார். பிறகு கடலை விட்டு இறங்கி ஊர்ச் சபை, மாகாண சபை என்று ஏறிக் கடைசியில் தலைநகரத்தில் செனட்டர் ஆனார். அவர் பிறந்து வளர்ந்த ஊரின் பெயர் சேலம். அமெரிக்காவில் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது அந்தச் சேலம்.

தொடரைக் கொழும்பிலேயே எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். அப்படியிருக்க, நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்திலிருந்து நாச்சிமுத்து என்ற கடலை வியாபாரி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தாங்கள் எழுதிய சேலத்துப் பெரியவரைப் பற்றி எங்கள் ஊரில் வந்து பேசவேண்டும் என்றார். அமெரிக்க சரித்திரத்தில் இவ்வளவு அக்கறையுள்ள கடலை வியாபாரியைப் பார்க்காமல் விடுவதா என்று புறப்பட்டுவிட்டேன்.

சேலத்தில் இறங்கியதும் முதலில் தெரிந்தது வெயில். கொழும்பு வெயிலில் ஈரம் இருக்கும், உடம்பில் ஒட்டும். இது உலர்ந்த வெயில். சட்டையில் வேர்வையே காணோம், ஆனால் தலை கொதிக்கிறது. அஸ்தம்பட்டியில் இருந்த நண்பர் சாமுவேல் வீட்டுக்குக் குதிரை வண்டியில் போனேன். சாமுவேல் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு காலத்தில் கொழும்பில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தவர். என்னைக் கண்டதும் வா என்று சொல்லாமல் சிரிக்க ஆரம்பித்தார்.

“என்ன சிரிப்பு?”

“கடைவீதிச் சுவரைப் பார்க்கவில்லையா?” என்று கேட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சிவப்புக் காகிதத்தில் ஒரு நோட்டீஸ். ‘சேலம் ஸ்ரீ ஆர்த்தவேல் செட்டியார் சரித்திரம். கப்பலேறிச் சீமை சபையில் அமர்ந்த நம்மூர் வியாபாரி. கொழும்பு ஆசிரியர் பிரசங்கம். அனைவரும் வருக’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் அச்சகத்தில் ‘ஹா’ எழுத்துக்கு எப்போதும் பஞ்சம். கோர்ப்பவர் ‘ஹார்ட்வெல்’ என்பதற்கு ‘ஆர்ட்வேல்’ என்று கோர்த்துவிட்டுப் போய்விடுவார். ஆர்ட்வேல் இங்கே வந்து ஆர்த்தவேல் ஆகிவிட்டார். செனட்டர் என்ற சொல்லை இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை. அச்சுப் பிழை என்று நினைத்துச் செட்டியார் என்று திருத்திப் படித்திருக்கிறார்கள். சேலத்து வியாபாரி, பெயர் ஆர்த்தவேல், பட்டம் செட்டியார். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது.

“இப்போது என்ன செய்யப் போகிறாய்?” என்றார் சாமுவேல்.

“போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான்.”

“சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வா,” என்றார். இரவு அவர் வீட்டில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். குழம்பில் தேங்காய் மருந்துக்குத்தான் இருந்தது. எங்கள் ஊரில் தேங்காய் இல்லாமல் தண்ணீர்கூடக் கொதிக்காது என்று சொன்னேன். சாமுவேலின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மறுநாள் பஸ். கண்டக்டரிடம் “புதுச்சத்திரமா?” என்று கேட்டேன். இன்ஜின் சத்தத்தில் அவர் காதில் என்ன விழுந்ததோ, தலையை ஆட்டினார். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினேன். விழித்தபோது வண்டி நின்றிருந்தது, “பட்டணம், பட்டணம், எறங்கு” என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அயோத்தியாப்பட்டணம். ஆத்தூர் போகிற சாலை. நான் போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தப் பயணத்தில் பெயரை நம்பி எதிலும் ஏறக்கூடாது என்று அப்போதே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்து சரியான பஸ் பிடித்தேன். அது நிறையும்வரை நகரவில்லை. நிறைந்த பிறகும் நகரவில்லை. டிரைவர் முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பக் கம்பியைச் சொருகிச் சுற்றினார், இரண்டு பேர் அவருக்குத் துணையாகச் சுற்றினார்கள், கடைசியில் ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்தது. யாரோ கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, நீங்க மலையாளத்துப் பக்கமுங்களா?” என்றார். இலங்கை என்றேன். “அப்ப ராவணன் ஊருங்க,” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

வழியெல்லாம் கடலைக் காடு, சோளக் காடு, ஆங்காங்கே பனை. கிணறுகளில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மழை தானாக வந்து தலையில் விழும். இங்கே தண்ணீரை ஆழத்திலிருந்து கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

புதுச்சத்திரத்தில் சாலை ஓரமாகவே நாச்சிமுத்துவின் கடை. மூட்டை மூட்டையாகக் கடலை, இரண்டு டின் நெய், நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தராசு. மனிதர் முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, வேகமாகப் பேசுகிறவர். என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, “வாங்க சாமி, வாங்க, நீங்க வருவீங்கன்னு பாதிப் பேரு நம்பலீங்க,” என்றார். சாமி என்று பெரியவர், சிறியவர் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை. பித்தளை டம்ளரில் காபியை வைத்துவிட்டுத் தன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

அவர் குடும்பம் பரம்பரையாக விவசாயம் பார்க்கும் கவுண்டர் குடும்பம். அண்ணன் கருப்பண்ணக் கவுண்டர் நிலத்தைப் பார்க்கிறார். தம்பி நாச்சிமுத்து கடலை மண்டி வைத்தார். அன்றிலிருந்து அண்ணன் அவரோடு பேசுவதில்லை.

“ஏர் புடிச்ச ஊட்ல தராசு புடிக்கறதாங்கறாருங்க. நான் தப்பு எடை போட்டனா, கலப்படம் பண்ணினனா? ஒண்ணுமில்லீங்க. தராசத் தொட்டதே தப்புங்கறாரு.”

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இப்போது நாச்சிமுத்து ஜில்லா போர்டுக்கு நிற்கிறார். ஊருக்கும் சாலைக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது, மழை வந்தால் வண்டி போகாது, பாலம் வேண்டும். அதற்காகத்தான் நிற்கிறார். ஓட்டு உள்ளவர்கள் முக்கால்வாசிப் பேர் பங்காளிகள். அவர்கள் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள்.

“மாரியம்மன் கோயில்ல கூட்டம் போட்டாங்க. வியாபாரிக்குச் சபையில என்ன வேலை, அங்கயும் போயி எடை போடுவான்னு அண்ணன் சொன்னாரு. அப்பத்தானுங்க உங்க பத்திரிகைத் தாளு ஒண்ணு கெடச்சுது. தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்த ஒருத்தரு துணி சுத்திக் கொண்டாந்தது. நம்ம சேலத்து ஆளு, வியாபாரி, சபைக்குப் போயிருக்காருன்னு நானே எல்லாருக்கும் படிச்சுக் காமிச்சேன்.”

“உங்கள் அண்ணன் என்ன சொன்னார்?”

“எங்கிட்டப் பேசலீங்க, ஊராருகிட்ட எழுதின ஆளக் கூட்டியாரச் சொல்லுங்கன்னாரு. நம்ம சேலத்து மனுசன் தராசுல இருந்து சபைக்குப் போனது நெசம்னு அவரு வாயால சொன்னா, நானே ஊடு ஊடாப் போயி இவனுக்கு ஓட்டுக் கேக்கறேன், இல்லீன்னா இவன் மனுவத் திருப்பி வாங்கிப் போடோணும்னாரு. நானும் சரின்னுட்டனுங்க.”

காபி ஆறிவிட்டது. நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க சரித்திரத்தைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வந்த என் அசட்டுத்தனம் அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அன்றைக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. இரவு கடையிலேயே படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் நாச்சிமுத்து என்னைச் சந்தைக்குக் கூட்டிப் போனார். மாட்டுச் சந்தை. மாடுகளும் மனிதர்களும் சம எண்ணிக்கையில் இருந்தார்கள், சத்தம் மட்டும் மனிதர்களுடையது. ஆனால் விலை பேசும் இடத்தில் மட்டும் சத்தமே இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். கைகளின்மேல் ஒரு துண்டு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டு மட்டும் லேசாக அசைகிறது.

“உள்ளார வெரல் புடிச்சுப் பேசறாங்க,” என்றார் நாச்சிமுத்து. “இந்த வெரலுக்கு இத்தனை, அந்த வெரலுக்கு அத்தனை. பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது. ஒத்துக்கிட்டா ரெண்டு பேரும் கைய இறுக்கிப் புடிப்பாங்க. இல்லீன்னா உருவிக்குவாங்க. அப்பறம் அதப் பத்தி வெளிய பேசக்கூடாதுங்க.”

“ஏமாற்றிவிட்டால்?”

“துண்டுக்குள்ள குடுத்த வார்த்தைய மாத்தினவன் இந்தச் சந்தைக்கு மறுபடி வர முடியாதுங்க.”

கொழும்புச் சந்தையில் மீனின் விலை மூன்று தெரு தள்ளிக் கேட்கும். எனக்கு இந்த ஊமைப் பேரம் பிடித்திருந்தது. சந்தை ஓரத்தில் கம்மங்கூழ் குடித்தோம், மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொண்டு. மோர்மிளகாயை முழுதாகக் கடித்துவிட்டேன். சிறிது நேரம் எனக்கு எந்தக் கவலையும் நினைவில் இல்லை.

அங்கிருந்து நாச்சிமுத்து கடைக்குப் போனார். என்னை மாட்டு வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்கு அனுப்பினார். பிரசங்கத்துக்கு எழுதிய காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் புகழ்பெற்ற ஓடை வந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஆழமில்லை, முழங்கால்தான். ஆனால் வலது சக்கரம் ஒரு குழியில் இறங்கியது, வண்டி சாய்ந்தது, நான் காகிதங்களோடு தண்ணீரில் உட்கார்ந்தேன். ஹார்ட்வெல்லின் வாழ்க்கை பக்கம் பக்கமாக என்னைத் தாண்டி மிதந்து போயிற்று. வண்டிக்காரர் மாடுகளை அவிழ்ப்பதா என்னைத் தூக்குவதா என்று தெரியாமல் நின்றார்.

அக்கரையில் உழுதுகொண்டிருந்த ஒருவர் ஏரை நிறுத்திவிட்டு, தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். உயரமானவர், நரைத்த மீசை, தோளில் துண்டு. தன் மாடுகளையும் சேர்த்துப் பூட்டி வண்டியை இழுத்துக் கரையேற்றினார். பிறகு என்னிடம் வந்து கையைக் கொடுத்தார்.

“கொழும்புல இருந்து வந்தவங்க நீங்கதானுங்களா?”

ஆமாம் என்றேன்.

“அந்தச் செட்டியாரு நெசமாலுமே நம்மூரு ஆளுங்களா?”

பல்லெல்லாம் தந்தியடிக்க, “சாயங்காலம் எல்லாம் சொல்கிறேன்” என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு மாடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

“அவருதானுங்க பெரிய கவுண்டரு,” என்றார் வண்டிக்காரர். “தம்பி வண்டின்னு தெரிஞ்சுதானுங்க வந்தாரு. இந்த வண்டி மாடு அவரு ஊட்டு மாட்டோட கன்னுங்க.”

நாச்சிமுத்துவின் மனைவி பாவாயி உலர்ந்த வேட்டி கொடுத்தார். மத்தியானம் நாச்சிமுத்து சாப்பிட வந்ததும் இருவருக்கும் இலை போட்டார். சோறு, கொள்ளுப்பருப்புக் கடைசல், அதன்மேல் கை நடுங்காமல் ஊற்றிய நெய். இவ்வளவு நல்ல சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இவர்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. கை கழுவும் முன்னால் சொல்லிவிட்டேன். இது வேறு சேலம். கடலுக்கு அந்தப் பக்கம். அவர் செட்டியார் இல்லை, வெள்ளைக்காரர். பெயர் ஆர்த்தவேல் இல்லை.

நாச்சிமுத்து இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த ஊருக்கும் சேலம்னுதானுங்களே பேரு?” என்றார் கடைசியில்.

“ஆமாம்.”

“அப்ப சேலம்னே சொல்லுங்க சாமி. எந்தச் சேலம்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் பொய் சொல்லச் சொல்லலீங்களே?”

பாவாயி பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, “வேண்டாமுங்க, மனுவத் திருப்பி வாங்கிப் போடுங்க,” என்றார். “உங்க அண்ணங்கிட்ட இப்ப இருக்கறது பேச்சில்லாத சண்டை. பொய்யச் சொல்லி ஓட்டு வாங்கினீங்கன்னு தெரிஞ்சா அப்பறம் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டாரு.”

“நீ சும்மாயிரு பாவாயி. பாலம் வேணுமா வேண்டாமா?”

நான் ஓடையில் உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டேன். பாலம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சரி, சேலம் என்று மட்டும் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இதில் என் தவறு ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாயும் முன்பே கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு நாற்காலி. ஆண்கள் தரையில், பெண்கள் சற்றுத் தள்ளி. முன் வரிசையில் ஓரமாகக் கருப்பண்ணக் கவுண்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி மறு ஓரத்தில்.

காகிதங்கள் ஓடையோடு போய்விட்டதால் வாயில் வந்ததைச் சொன்னேன். ஆச்சரியமாக, அது நன்றாகவே வந்தது. சேலத்தில் ஓர் ஏழை வீட்டில் பிறந்தார் என்றேன். தகப்பனார் கடன் வைத்துவிட்டு இறந்தார் என்றேன். கப்பலில் சரக்குக் கணக்குப் பார்த்தது, புயலில் பாய்மரம் முறிந்தது, சென்னைப்பட்டணத்தில் துணி வாங்கத் துபாஷித் தரகர்களோடு மல்லுக்கட்டியது எல்லாம் சொன்னேன். “சரியான துணியப் பாத்துத்தான் வாங்கினாரா?” என்று ஒரு நெசவாளி கேட்டார். நூலைப் பிரித்துப் பார்த்து வாங்கினார் என்றேன். அவருக்குத் திருப்தி.

சபைக்குப் போன கட்டம் வந்தது. அந்நிய தேசங்களோடு தகராறு வந்து, எந்தக் கப்பலும் துறையை விட்டுக் கிளம்பக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. ஹார்ட்வெல்லுக்குச் சொந்தமாகவே கப்பல்கள் இருந்தன. சட்டம் வந்தால் அவருக்குத்தான் முதல் நஷ்டம். இருந்தும் சபையில் எழுந்து அந்தச் சட்டத்துக்குச் சம்மதம் சொன்னார். ஊரில் அவரைத் திட்டினார்கள், ஜன்னலில் கல்லெறிந்தார்கள்.

“அவரு கப்பலையே அவரு கட்டிப் போட்டாருங்களா?” என்று கேட்டார் கருப்பண்ணக் கவுண்டர். முழுக் கூட்டத்திலும் அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“ஆமாம்.”

அவர் மீசையைத் தடவினார். நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. காரியம் முடிந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் சாதாரணமாக, “அவரு ஊடு சேலத்துல எந்தத் தெருவுங்க?” என்றார். பேச்சு வேகத்தில் இருந்த நான், யோசிக்காமல், “துறைமுகத் தெரு” என்று சொல்லிவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “சேலத்துல ஏதுங்க துறைமுகம்?”

“அந்தக் காலத்துல திருமணிமுத்தாத்துல கப்பல் வந்திருக்குமுங்க,” என்றார் இன்னொருவர், என்னைக் காப்பாற்ற நினைத்து.

“திருமணிமுத்தாத்துல எரும முழுகறதுக்கே தண்ணியில்ல, கப்பலா வந்துது?”

கூட்டம் சிரித்தது. கருப்பண்ணக் கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடைக்கரையில் பார்த்த அதே பார்வை. நான் எழுந்து உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நாச்சிமுத்து எழுந்துவிட்டார்.

“அது வேற சேலமுங்க. அமெரிக்காவுல இருக்குதாமா. அவரு வெள்ளைக்காரரு. மத்தியானமே சாமி எங்கிட்டச் சொல்லிப்போட்டாருங்க. நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்.” மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு மனுவத் திருப்பி வாங்கிக்கறனுங்க.”

பெண்கள் பக்கத்தில் பாவாயி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொழும்பிலிருந்து கடல் தாண்டி வந்து ஒரு மனிதரின் ஆசையில் மண்ணைப் போட்டாயிற்று. எல்லோரும் கலைந்து போவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் எழவில்லை. பெரிய கவுண்டர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

“ஏனுங்க,” என்றார் கருப்பண்ணக் கவுண்டர் என்னிடம். “அந்த மனுசன் எந்தச் சேலமாவோ இருக்கட்டும். அவரு சபைக்குப் போனப்பறம் யாவாரத்த யாரு பாத்துக்கிட்டாங்க?”

இது நான் எதிர்பாராத கேள்வி. நினைவைத் துழாவினேன். “அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டார்.”

“அண்ணனா?”

“ஆமாம். தலைநகரம் வெகு தூரம். மாதக் கணக்கில் ஊருக்கு வர முடியாது. சரக்குக் கிட்டங்கியை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார்.”

“அவரு பேரென்னங்க?”

எனக்குத் தெரியாது. அத்தனை அத்தியாயங்கள் எழுதிய என் தொடரில் அந்த அண்ணனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்திருந்தேன். பெயர்கூடப் போடவில்லை. தெரியாது என்றேன்.

“பேரு தெரியலீங்களாமா,” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு எழுந்தார். கூட்டத்தின் குறுக்கே நடந்து தம்பியின் எதிரே போய் நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து, வலது கையை நீட்டி, கைமேல் துண்டைப் போட்டார். நாச்சிமுத்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். சந்தையில் எத்தனையோ தரம் செய்திருப்பார், அன்றைக்குக் கையை நீட்டவே அவருக்குத் தெரியவில்லை. அண்ணனே இடது கையால் தம்பியின் கையைப் பிடித்துத் துண்டுக்குள் வைத்தார்.

துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. விரல்களில் என்ன கேட்டார், என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் துண்டு ஒரே முடிச்சாக இறுகியது. நாச்சிமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் கையை எடுத்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஓடைப் பக்கம் நடந்து போனார்.

“என்ன பேசினார்?” என்று நாச்சிமுத்துவைக் கேட்டேன்.

“துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்லக்கூடாதுங்க சாமி,” என்றார்.

மறுநாள் காலையில் நாமக்கல்லிலிருந்து வரும் சேலம் பஸ்ஸைப் பிடிக்கக் கடைக்கு வந்தேன். நாச்சிமுத்துவைக் காணோம். விடிந்ததுமே பங்காளிகள் நாலு பேரோடு சுற்றுவட்டாரத்துக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டாராம். பங்காளிகளை அண்ணனே வீடு வீடாகப் போய் எழுப்பி அனுப்பினார் என்று பாவாயி சொல்லியிருந்தார்.

கடை திறந்திருந்தது. உள்ளே, கடலை மூட்டைகளுக்கு நடுவில், தராசின் முன்னால் கருப்பண்ணக் கவுண்டர் உட்கார்ந்திருந்தார். ஏர் பிடித்துக் காய்த்துப்போன கை தராசுத் தட்டின் சங்கிலியைப் பிடித்திருந்தது. சாலையில் போகிறவர்கள் ஒவ்வொருவரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தராசையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்து, வழக்கம்போலக் கொதித்து, தண்ணீருக்காக நின்றது. ஊருக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் கடலை வேண்டும் என்று கேட்டேன். அவர் அள்ளிப் போட்டார். தட்டு தரையைத் தொட்டது. மறு தட்டில் படிக்கல் மேலே தொங்கியது. கொஞ்சம் கடலையைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று எனக்கே தெரிந்தது. அவர் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

“அதிகமாக இருக்கிறதே?” என்றேன்.

“கொறைய இருக்கப்படாதுங்க,” என்றார். “கொறஞ்சுதுன்னா தம்பி பேரு கெட்டுப்போயிரும்.”

கடலையைத் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். காசை வாங்கிப் பார்க்காமலே மூட்டைக்கடியில் சொருகினார். டிரைவர் ஹாரனை அமுக்கினார். நான் படியிறங்கியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சாமி, ஊருக்குப் போனதும் அந்த அண்ணன் பேரு என்னன்னு கண்டுபுடிச்சு எழுதிப் போடுங்க. உட்றாதீங்க.”